ஏஞ்சலாவும் பார்சிலோனாவும்: இரவு விடுதியில் பெண்ணின் பாதுகாப்பு யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் பல பப்களின் பெண்கள் கழிவறையில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும். ஆன்லைனில் பழகி, இன்று நேரில் சந்திக்க வந்த ஆள் தன்னைப் பற்றிச் சொன்னபடி இல்லையா? அவனோடு தொடர்ந்து உட்கார்ந்திருக்கப் பயமாக இருக்கிறதா? பார் கவுன்ட்டருக்குப் போய் ‘ஏஞ்சலா இருக்கிறாரா?’ என்று கேட்டால் போதும். ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள், டாக்ஸி வரவழைத்தோ வேறு வழியிலோ சத்தமில்லாமல் உங்களை வெளியே அனுப்பிவைப்பார்கள். போஸ்டரின் சாரம் இவ்வளவுதான்.

2016இல் லிங்கன்ஷயர் கவுண்டி மன்றத்தில் பாலியல் வன்முறைத் தடுப்புப் பணிகளை ஒருங்கிணைத்துவந்த ஹேலி சைல்ட் இதைத் தொடங்கினார். கணவனால் கொல்லப்பட்ட தன் தோழி ஒருவரின் பெயரைத்தான் சங்கேதச் சொல்லாக வைத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அந்தக் கழிவறைப் போஸ்டரின் படம் ட்விட்டரில் வெளியாகி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த இரண்டே மாதத்தில் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் பெண்கள் உதவி மையம் ஒன்று ‘லூயிசா இங்கே இருக்கிறாரா?’ என்று இதன் ஜெர்மன் வடிவத்தைத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியா, கனடா, அர்ஜென்டினா என்று பெயர் மாறாமலும் மாறியும் அந்த ஒரு கேள்வி பயணப்பட்டது. லண்டனில் மெட்ரோபாலிட்டன் போலீஸும் அதைக் கையில் எடுத்துக்கொண்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018இல், பார்சிலோனா மாநகராட்சி வேறொரு வழியில் இறங்கியது. ஸ்பெயின் கொந்தளித்துக் கிடந்த ஆண்டு அது. 2016 சான் ஃபெர்மின் திருவிழாவின்போது பாம்ப்லோனாவில் ஐந்து ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணைச் சீரழித்த வழக்கில், நீதிமன்றம் அதை வன்புணர்வு என்று சொல்ல மறுத்துக் குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை கொடுத்ததும், ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்ததும் அந்த ஏப்ரலில்தான். (மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அது வன்புணர்வே என்று திருத்தி, ஆளுக்கு 15 ஆண்டு விதித்தது.) அந்தச் சூழலில், அடா கொலாவ் மேயராக இருந்த மாநகராட்சி ‘நோ கயேம்’ என்ற நெறிமுறையை வெளியிட்டது. மௌனமாக இருக்க மாட்டோம் என்பது பொருள். இரவு விடுதிகளும் இசை அரங்குகளும் விரும்பிக் கையெழுத்திட்டுச் சேர வேண்டும்; சேர்ந்தால் அவற்றின் ஊழியர்களுக்கு மாநகராட்சியே பயிற்சி தரும். போஸ்டர் இதிலும் உண்டு. ஆனால் இதன் உயிர் போஸ்டரில் இல்லை. வாசலில் நிற்கும் பவுன்சர் முதல் மேலாளர்வரை, கண் முன்னால் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நடந்தால் யார் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று எழுதிவைத்த ஆவணம் இது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் உறுத்தியது, யார் முதல் அடி எடுத்துவைக்க வேண்டும் என்பதில் உள்ள வேறுபாடுதான். இங்கிலாந்தின் ஏற்பாட்டில் முதல் அடி அந்தப் பெண்ணுடையது. ஆபத்தை அவளே உணர வேண்டும். அந்தப் பெயர் அவளுக்கு நினைவில் இருக்க வேண்டும். மேசையைவிட்டு எழ வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விடுதி அசையும். பார்சிலோனாவின் ஏற்பாட்டில் முதல் அடி விடுதியுடையது. அழுதுகொண்டு ஒரு பெண் படியிறங்கினால், வாசலில் நிற்பவர் கேட்டாக வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு இடமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. ஏஞ்சலா பிறந்தது பப்பில். எதிரெதிரே உட்கார்ந்து பேசக்கூடிய மேசை, ஓரளவு வெளிச்சம், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் முகம் தெரிகிற ஒரு ஊழியர். அங்கே ஆபத்து என்பது பெரும்பாலும் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள். டேட்டிங் ஆப் வழியே முதல்முறை சந்திக்க வந்த பெண்ணை மனதில் வைத்துத்தான் அந்தப் போஸ்டரே எழுதப்பட்டது. ‘நோ கயேம்’ பிறந்தது, விடியும்வரை ஆடுகிற டிஸ்கோக்களின் ஊரில். ஆயிரம் பேர் நெருக்கியடிக்கும் இருட்டு. காதோடு காது வைத்துக் கத்தினாலும் கேட்காத இசை. யாருடைய கை எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்துவிடும் முகங்கள். அங்கே சங்கேதச் சொல்லுக்கு வேலை குறைவு.

ஆனால் ஏஞ்சலா இன்று பப்போடு நிற்கவில்லை. நைட் கிளப்புகளிலும் இசை விழாக்களிலும் அதே போஸ்டர்தான் ஒட்டப்படுகிறது. ஆகவே நடனத் தளத்திலும் அது என்ன செய்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதன் பலத்தை முதலில் சொல்கிறேன். சம்பவம் நடப்பதற்கு முன்பே நுழைகிற ஏற்பாடு அது. இன்னும் எதுவும் நடந்துவிடவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று அடிவயிறு சொல்கிறதே, அந்த நேரத்துக்கானது. அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குப் பெரிய தடையே, ‘இவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே, என்னவென்று புகார் சொல்வது?’ என்ற கூச்சம்தான். ஏஞ்சலா அந்தக் கூச்சத்தைத் தாண்டவைக்கிறது. காரணம் சொல்ல வேண்டாம், நிரூபிக்க வேண்டாம், பெயர் மட்டும் போதும். ஒரு காகிதத்தின் செலவில் சின்னஞ்சிறு ஊரின் பப்புக்கும் போய்ச்சேரக்கூடியது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், செப்டம்பரில் புது மாணவர்களை வரவேற்கும் ஃப்ரெஷர்ஸ் வாரக் கொண்டாட்டத்தில் முதன்முறையாக இப்படியோர் இடத்துக்குள் காலெடுத்துவைக்கும் நம் பெண்கள் பலர், உதவி கேட்க ஒரு வழி உண்டு என்று அறிந்துகொள்வதே அந்தக் கழிவறைப் போஸ்டரில்தான் இருக்கும். இதையெல்லாம் நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவளால்தான் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் போகும். கனடாவின் டொரன்டோ நகரில் 118 பெரிய பார்களுக்கும் கிளப்புகளுக்கும் பயிற்சி பெற்ற பார்வையாளர்களை அனுப்பி, அங்கே கண்ணெதிரே நடந்ததைக் குறித்துவரச் செய்த ஓர் ஆய்வு உண்டு. கேத்ரின் கிரகாமும் அவருடைய குழுவினரும் 2014இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். பாலியல் தொல்லை இருந்த 258 சம்பவங்கள் கிடைத்தன. பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண் தொடங்கியது, பெண் இலக்கானது. அநேகமாக எல்லாமே தெரிந்தே செய்தவை. ‘கூட்டத்தில் தெரியாமல் பட்டுவிட்டது’ என்கிற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. பெண்கள் பெரும்பாலும் சண்டைக்குப் போகவில்லை. நகர்ந்து போனார்கள், நழுவிப் போனார்கள். ஊழியர்கள் தலையிட்டது அபூர்வம்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு என் தூக்கத்தைக் கெடுத்தது. ஆண் எந்த அளவுக்கு அத்துமீறினான் என்பதற்கும் அவன் எவ்வளவு குடித்திருந்தான் என்பதற்கும் தொடர்பு இல்லை. அந்தப் பெண் எவ்வளவு போதையில் இருந்தாள் என்பதோடுதான் அது பொருந்தியது. குடிபோதையில் கட்டுப்பாடு இழந்துவிட்டான், பாவம், என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதையை இது தலைகீழாகப் புரட்டுகிறது. அவன் பார்த்துத்தான் பொறுக்குகிறான். நிற்க முடியாதவளை, நினைவு தப்புகிறவளை, நாளை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதவளை.

அப்படிப்பட்ட ஒருத்தி எப்படிக் கூட்டத்தைக் கடந்து கவுன்ட்டருக்கு வருவாள்? மயக்கமருந்து கலந்த பானத்தைக் குடித்தவளுக்கு ஏஞ்சலாவின் பெயர் எப்படி நினைவுக்கு வரும்? போதையே இல்லாதவளும் பயத்தில் உடல் உறைந்து, நா எழாமல் போவது சாதாரணமாக நடப்பதுதான். தவிர, அந்தச் சொல் இப்போது ரகசியமும் அல்ல. உலகம் முழுக்கப் பகிரப்பட்ட படத்தை ஆண்களும்தான் பார்த்தார்கள். கூடவே கவுன்ட்டர்வரை வந்து பக்கத்தில் நிற்கிறவன் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லத் துணிவது எளிதல்ல.

இத்தனையும் தாண்டி ஒரு பெண் கவுன்ட்டருக்கு வந்து கேட்டும் விடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் பிபிசி செய்தியாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். டேட்டிங் வந்த ஜோடி போல லண்டனில் 25 இடங்களுக்குப் போனார்கள். எல்லாமே இந்தத் திட்டத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட இடங்கள். பெண் கவுன்ட்டருக்குப் போய் ஏஞ்சலாவைக் கேட்டார். 13 இடங்களில் ஊழியருக்கு அது எதைக் குறிக்கிறது என்றே புரியவில்லை. பாதிக்கு மேல். சுவரில் வாக்குறுதி இருக்கிறது, அதை நம்பி வந்து கேட்கிறாள், எதிரில் நிற்பவர் விழிக்கிறார். பின்னால் மேசையில் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். போஸ்டரே இல்லாத பாரில் அவள் வேறு வழி ஏதாவது யோசித்திருப்பாள். தோழிக்கு போன் செய்திருப்பாள், பின்வாசல் தேடியிருப்பாள். கையில் இருந்த நேரத்தையும் துணிச்சலையும் இந்த ஒரு கேள்வியில் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு அவள் திரும்புவதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஊழியர்களைத் திட்டிப் பயனில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் பலநேரம் வார இறுதியில் மட்டும் வேலைக்கு வரும் கல்லூரி மாணவர். மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். இங்கிலாந்தில் வாசலில் நிற்கும் பவுன்சர் பயிற்சி முடித்துப் பாதுகாப்புத் துறை ஆணையத்தின் உரிமம் வாங்கியாக வேண்டும். உள்ளே மது ஊற்றிக் கொடுப்பவருக்கு அப்படி எதுவும் கட்டாயமில்லை. ஆனால் ஏஞ்சலா திட்டம் தன் முழு பாரத்தையும் இறக்கிவைத்திருப்பது இந்த இரண்டாமவரின் தோளில்தான். ஒரு தடவை பயிற்சி கொடுத்துச் சான்றிதழை மாட்டிவிட்டால், அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் வேறு ஆட்கள் இருப்பார்கள், சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கும். 2024 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, பானங்களில் மருந்து கலப்பதைத் தடுக்க பார் ஊழியர்கள் 10,000 பேர்வரைக்கும் பயிற்சி தருவதாக அறிவித்தது. நல்லதுதான். அந்தப் பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் அதே கவுன்ட்டரில் நிற்பார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது பார்சிலோனா ஆவணத்துக்கு வருவோம். அதன் அடிப்படைக் கொள்கைகளில் முதலாவது, பாதிக்கப்பட்டவரைக் கவனிப்பதே முதல் வேலை என்கிறது. கேட்டால் இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். ஒரு கிளப்பில் கலாட்டா என்றால் எல்லோரும் ஓடுவது ஆணை நோக்கித்தான்: பிடி, அடி, வெளியே தள்ளு. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. அவளைத் தனியாக விடாதே, அமைதியான இடத்துக்கு அழைத்துப் போ, அவளே கேட்டாலொழிய பக்கத்திலிருந்து நகராதே என்கிறது நெறிமுறை. இரண்டாவது, அவள் எடுக்கும் முடிவை மதிக்க வேண்டும். உனக்கு அது புரியாவிட்டாலும் சரி. போலீஸ் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. மூன்றாவது, குற்ற வழக்கு ஒன்றே குறி என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தாவதாக, அவளுடைய அந்தரங்கமும் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்ற சட்ட அனுமானமும் ஒருசேரக் காக்கப்பட வேண்டும். வதந்தி பரப்பக் கூடாது.

நான்காவதைத் தனியே எடுத்துவைத்தேன். அத்துமீறியவனிடம் இணக்கம் காட்டாதே என்கிறது அது. பதற்றத்தைத் தணிக்கும் உத்தியாகக்கூடக் காட்டாதே. இதன் ஆழம், இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் சட்டெனப் புரியும். பணக்கார வாடிக்கையாளர் ஒருவர் கை நீட்டிவிட்டார். பெண் கத்துகிறாள். பவுன்சர் வருகிறார், அந்த வாடிக்கையாளரின் தோளில் கை போட்டு, ‘விடுங்க சார், வாங்க நாம அந்தப் பக்கம் போலாம், அந்தப் பொண்ணு ஏதோ டென்ஷன்ல இருக்கு’ என்று சிரித்தபடி தள்ளிக்கொண்டு போகிறார். சண்டை மூளவில்லை; தொழில் தெரிந்த ஆள் என்று முதலாளியும் மெச்சுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? இந்த வீடு அவனுடையது, நான் வந்துபோகிறவள் என்பது தெரிந்திருக்கும். பாலியல் வன்முறைத் தடுப்பு பற்றி நான் படித்த அரசு ஆவணங்களில், அந்தச் சிரிப்பை இவ்வளவு கூர்மையாகக் கவனித்த இன்னொன்று இல்லை. ஏஞ்சலாவின் ‘சத்தமில்லாமல்’ என்ற வாக்குறுதியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது கௌரவமான வெளியேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அவள் பின்வாசல் வழியே டாக்ஸி ஏறிய பிறகு, மேசையில் அவன் அடுத்த கோப்பையை ஆர்டர் செய்துகொண்டிருப்பான். ஒரு வார்த்தையும் யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் இன்னொருத்தியோடு அதே மேசைக்கு வருவான்.

இந்த நெறிமுறை உலகச் செய்தியானது 2022 டிசம்பர் 30 இரவில். பார்சிலோனாவின் சட்டன் நைட் கிளப்பிலிருந்து அழுதபடி வெளியேறிய ஓர் இளம்பெண்ணை வாசல் ஊழியர் கவனித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நடந்ததை அவள் சொன்னதும், அவளைத் தனியறைக்கு அழைத்துப் போனார்கள். போலீஸுக்குச் சொல்லப்பட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பார்சிலோனாவில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிப்பதற்கென்றே ஏற்பாடு உள்ள ஹாஸ்பிட்டல் கிளினிக்குக்கு அன்றிரவே அவள் கொண்டுசெல்லப்பட்டாள். சம்பவம் நடந்ததாக அவள் சொன்ன, விஐபி பகுதியின் சிறிய கழிவறையில் தடயங்கள் சேகரிக்கப்பட்டன. புகார் கொடுக்க முதலில் அவள் தயங்கினாள். ஜனவரி 2ஆம் தேதி கொடுத்தாள். குற்றம் சாட்டப்பட்டவர் பிரேசிலின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் டானி ஆல்வெஸ். ஜனவரி 20 அன்று கைதானார். 2024 பிப்ரவரியில் பார்சிலோனா நீதிமன்றம் நாலரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2025 மார்ச்சில் கட்டலோனியாவின் உயர் நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து அவரை விடுவித்தது. கேமராப் பதிவுகளோடு ஒப்பிடக்கூடிய பகுதிகளில் அந்தப் பெண்ணின் வாக்குமூலம் பொருந்தவில்லை, குற்றத்தை உறுதிப்படுத்தச் சான்று போதாது என்பது நீதிபதிகளின் காரணம்.

2024 தீர்ப்பு வந்தபோது ‘பார்சிலோனா முறை வென்றது’ என்றார்கள். 2025இல் அது தோற்றுவிட்டது என்றார்கள். இரண்டு கூற்றையும் நான் ஏற்கவில்லை. அந்த ஆவணத்தின் மூன்றாவது கொள்கையைப் படித்தவர்கள் இரண்டையும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலில் நின்றவர் நீதிபதி இல்லை. அழுகிற பெண்ணிடம் அவர் உண்மையைத் தீர விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் கூடாது. அவர் செய்ததெல்லாம் கேட்டது, உட்காரவைத்தது, மருத்துவரிடம் அனுப்பியது, தடயம் அழியாமல் பார்த்துக்கொண்டது. தடயம் காப்பது இரு தரப்புக்குமான நியாயம். முதல் நீதிமன்றம் தண்டித்ததும் மேல் நீதிமன்றம் விடுவித்ததும், ஆராய்ந்து பார்க்கக் கையில் பதிவுகளும் பரிசோதனை அறிக்கைகளும் இருந்ததால்தான் முடிந்தது. அன்றிரவு யாரும் கேட்காமல் விட்டிருந்தால் வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. ஒரு வதந்தி மட்டும் மிஞ்சியிருக்கும்.

பார்சிலோனாவை நான் கொண்டாடிவிட்டு நகரப்போவதில்லை. சட்டனில் சரியாக இயங்கியது நெறிமுறையின் இரண்டாம் பாதி, அதாவது சம்பவத்துக்குப் பிந்தையது. ‘தடுப்பு’ என்ற முதல் பாதியைப் பற்றி உலகப் பத்திரிகைகள் அநேகமாக எதுவும் எழுதவில்லை. அதிலும் துணிச்சலான விஷயங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு இலவச அனுமதி போன்ற, பாலினத்தை வைத்து ஆள்பிடிக்கும் நுழைவு முறைகள் வேண்டாம் என்கிறது. பெண்ணுடலைத் தூண்டிலாக வைக்கும் விளம்பரம் வேண்டாம் என்கிறது. இருட்டு மூலைகளையும் மறைவிடங்களையும் கண்காணிக்கச் சொல்கிறது. இவையெல்லாம் முதலாளியின் கல்லாவில் கைவைக்கிற விஷயங்கள். ‘லேடீஸ் நைட், பெண்களுக்கு மது இலவசம்’ என்ற பலகையின் பொருள், உள்ளே காசு கொடுத்து வரும் ஆண்களுக்குப் பெண்களைக் காட்டித் தருகிறோம் என்பதுதான். அந்தப் பலகையை நம்பி வருகிறவன் உள்ளே என்ன எதிர்பார்ப்போடு வருவான் என்று யாரும் ஆராய்ச்சி செய்து சொல்லத் தேவையில்லை. விஐபி மேசையும் அப்படித்தான். ‘சார் உங்களைக் கூப்பிடுகிறார்’ என்று பணியாளரே போய்ப் பெண்களை அழைத்துவரும் வழக்கமும், பெரிய மனிதர்களுக்கென்று கதவடைத்த தனிப் பகுதியும் இருக்கும்வரை, ஊழியருக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அவர் காலை வேளையில் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு இரவில் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்துகொண்டிருப்பார். கையெழுத்து விருப்பத்தின் பேரில் என்பதால், இந்த முதல் பாதியை ஏற்பதாகச் சொல்லிவிட்டு மறந்துவிடும் விடுதியை யாரும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் இங்கிலாந்து முந்துகிறது. அங்கே 2003 உரிமச் சட்டத்தின்படி மது விற்கும் ஒவ்வோர் இடமும் உள்ளூர் மன்றத்தின் உரிமத்தில்தான் உயிர் வாழ்கிறது. குற்றத் தடுப்பும் மக்கள் பாதுகாப்பும் அந்தச் சட்டத்திலேயே எழுதிய நோக்கங்கள். போலீஸ் கேட்டுக்கொண்டால் உரிமம் மறுபரிசீலனைக்கு வரும். நிபந்தனை விதிக்கலாம், நிறுத்திவைக்கலாம், ரத்தே செய்யலாம். பார்சிலோனாவில் விரிவான கட்டளை இருக்கிறது, கட்டாயப்படுத்தும் கை இல்லை. இங்கிலாந்தில் வலுவான கை இருக்கிறது. அதில் ஒரு போஸ்டரைத் தவிர வேறில்லை.

2021 இலையுதிர் காலத்தில் பிரிட்டனின் மாணவிகள் அந்தக் கையைத்தான் அசைக்கப் பார்த்தார்கள். பானத்தில் மருந்து கலப்பதாகவும் ஊசியால் குத்துவதாகவும் புகார்கள் குவிய, ‘கேர்ள்ஸ் நைட் இன்’ என்று ஊர் ஊராக ஓர் இரவு கிளப்புகளைப் புறக்கணித்தார்கள். நுழைவாயிலில் சோதனையைக் கட்டாயமாக்கக் கோரிய மனுவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதற்குக் கிடைத்த உடனடிப் பதில்களில் பலவும் கோப்பைக்கு மூடி, மருந்தைக் கண்டறியும் பட்டை, ‘உங்கள் பானத்தைக் கண்ணைவிட்டு அகற்றாதீர்கள்’ என்ற அறிவுரை என்றே இருந்தன. மறுபடியும் வேலை அவளுக்கே. மயக்கம் தரும் பொருள்களில் மிக அதிகம் புழங்குவது மதுவேதான். தோழனாக வந்தவன் ஒற்றைக்கு இரட்டையாக ஊற்றச் சொல்லிக் கொடுப்பதை எந்தப் பட்டையும் காட்டிக்கொடுக்காது; அதை ஊற்றுகிறவர் மட்டுமே அறிவார்.

ஆண்மேல் கண் வைக்கும் முயற்சியும் அங்கேயே உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 2019இல் தேம்ஸ் வேலி போலீஸ் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் விஜிலன்ட்’டில் சாதாரண உடையணிந்த போலீஸார் கிளப்புகளுக்கு வெளியே நிற்கிறார்கள். தனியாகத் தள்ளாடிப் போகும் பெண்களைச் சுற்றிச் சுற்றி வருகிறவன், பின்தொடர்கிறவன், விலக்கினாலும் மறுபடி வந்து உரசுகிறவன் கண்ணில் பட்டால், சீருடைக்காரர்களுக்குத் தகவல் போகிறது. அவர்கள் வந்து அவனை நிறுத்திப் பேசுகிறார்கள். டொரன்டோ ஆய்வு காட்டிய அந்தப் ‘பொறுக்கும் பார்வை’யை அடையாளம் கண்டு, அதற்கு எதிர்ப் பார்வை வைத்ததுபோல இருக்கிறது இது. தெருவில் போலீஸ் செய்வதை உள்ளே விடுதியின் சொந்த ஊழியர்கள் செய்ய வேண்டும் என்பதுதான் பார்சிலோனா ஆவணத்தின் எதிர்பார்ப்பும். இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று நெருங்கிவருவது இந்தப் புள்ளியில்தான். சங்கேதச் சொல்லை விட்டுவிட்டு இங்கிலாந்து பெரிதாக எடுத்துப் பேச வேண்டியது இதை என்பேன்.

ஏஞ்சலாவைக் கைவிடச் சொல்லவில்லை. அதை உண்மையிலேயே இயங்கவைக்கத் தேவையான கருவி இங்கிலாந்திடம் ஏற்கெனவே இருக்கிறது, வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டுவருகிறது. சிறுவர்களுக்கு மது விற்பதைப் பிடிக்க, உள்ளூர் வணிகத் தர அதிகாரிகள் 18 வயது நிரம்பாத பிள்ளைகளை வாடிக்கையாளர்போலக் கடைக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை விற்றால் அது தனிக் குற்றம். உரிமமே ஆட்டம் காணும். அதனால் சாதாரணக் கடைப் பையனும் இளமுகம் ஒன்றைக் கண்டால் அடையாள அட்டை கேட்கிறான். பிபிசி செய்தியாளர்கள் ஒருமுறை செய்துகாட்டியதை, அதே அதிகாரிகள் ஆண்டு முழுக்க, எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லாமல் செய்யலாம். ஒரு பெண் கவுன்ட்டருக்குப் போய் ஏஞ்சலாவைக் கேட்கட்டும். இன்னொரு நாள் எதையும் கேட்காமல், வாசல்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். யார் வந்து விசாரிக்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், உடன் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓர் ஆண் அவளைத் தூக்கிப்போக வந்தால் தடுத்துக் கேட்கிறார்களா என்று குறித்துக்கொள்ளட்டும். இரண்டு முறை தவறிய விடுதி உரிமக் குழுவின் முன்னால் வந்து நிற்கட்டும். அங்கே மேசைமேல் பார்சிலோனாவின் ஐந்து கொள்கைகளும், இலவச நுழைவு, மறைவிடம், விளம்பரம் பற்றிய அந்த முதல் பாதியும், உரிமத்தின் நிபந்தனைகளாக எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும்.